காற்றை அளந்தவர்

(உரைநடைப் பாடம் – வாழ்க்கை வரலாறு)

நுழையும்முன்

திருவனந்தபுரத்தில் வாழ்வோர் காற்றையும் மழையையும் நன்கு அறிந்தவர்கள். ஜூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை இந்நகரை நனைக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை மீண்டும் வருகிறது. கடற்கரையில் நிற்பவர் எவரும், "காற்று பலமாக வீசுகிறது" என்று கூறிவிடலாம். ஆனால், அது எத்திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில், எவ்வளவு உயரம் வரை வீசுகிறது என்று கூறுவதற்கு அளவு வேண்டும். அளப்பதற்குக் கருவி வேண்டும். அக்கருவி சரியானதாகவும் இருக்க வேண்டும். அக்கலையைக் கடல் கடந்து சென்று கற்று, கற்றதைத் தாய்நாட்டிற்குக் கொண்டுவந்த ஒருவரின் வாழ்வை இப்பாடம் கூறுகிறது.

1. தும்பாவில் ஒரு மாலைப்பொழுது

1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள். திருவனந்தபுரத்திற்கு வடக்கே, தென்னந்தோப்புகளுக்கு இடையே அமைந்த தும்பா என்னும் மீனவர் சிற்றூரின் கடற்கரையில் ஒரு சிறிய ஏவூர்தி நிறுத்தப்பட்டிருந்தது. நைக்-அப்பாச்சி என்னும் பெயருடைய அவ்வேவூர்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் முனையில் இருந்த சோடியம் ஆவிக் கலனைப் பிரான்சு நாட்டினர் வழங்கியிருந்தனர். இந்திய மண்ணிலிருந்து விண்வெளியை நோக்கிப் புறப்பட்ட முதல் ஏவூர்தி அதுவே.

இத்தனை ஊர்கள் இருக்கத் தும்பா ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது? புவியின் காந்த நடுக்கோடு இவ்வூருக்கு மிக அருகில் செல்கிறது. அக்கோட்டிற்கு மேலே, ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில், வலிமையான மின்னோட்டம் ஒன்று பகற்பொழுதில் பாய்கிறது. பலூன்களால் அவ்வளவு உயரம் செல்ல இயலாது. செயற்கைக்கோள்களோ அதனினும் மிக உயரத்தில் சுற்றுகின்றன. ஆகவே, இடைப்பட்ட அப்பகுதிக்குக் கருவிகளை அனுப்ப ஏவூர்தியே ஏற்ற வழியாகும். இக்காரணத்தால் விக்ரம் சாராபாயும் அவருடைய குழுவினரும் தும்பாவைத் தேர்ந்தெடுத்தனர். ஊர் மக்கள் தங்கள் நிலத்தையும், மேரி மகதலேனா ஆலயத்தையும் அறிவியலுக்காக விட்டுக்கொடுத்தனர். அந்த ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது.

ஏவூர்தியைச் செலுத்துவதற்கு முன் செய்ய வேண்டிய பணி ஒன்று இருந்தது. நைக்-அப்பாச்சி போன்ற சிறிய ஏவூர்திகளில், பறக்கும்போது திசையைத் திருத்தும் அமைப்பு எதுவும் கிடையாது. தரையை விட்டு எழும் முதற்சில நொடிகளில் வீசும் காற்று அதன் பாதையை மாற்றிவிடும். ஆகவே, தரையருகிலும் அதற்கு மேலும் வீசும் காற்றை முன்னதாகவே அளந்து, அதற்கேற்ப ஏவுமேடையின் சாய்வைத் திருத்த வேண்டும். அளவு பிழைத்தால் ஏவூர்தி வழி தவறும். கரையில் இருப்போர்க்கும் ஆபத்து நேரலாம்.

அன்றைய ஏவூர்தி பிழையின்றி எழுந்தது. மேல்வானில் அது விட்டுச்சென்ற சோடியம் ஆவி, மறைந்துகொண்டிருந்த ஞாயிற்றின் ஒளியில் செம்மஞ்சள் நிற முகிலாகத் தோன்றியது. அம்முகில் நகர்ந்த விதத்தைக் கொண்டு, விண்ணின் விளிம்பில் வீசும் காற்றை அறிவியலார் கணித்தனர். ஆக, இந்தியாவின் முதல் ஏவூர்தி அளக்கச் சென்றதும் காற்றையே ஆகும்.

தும்பாவில் வானிலை ஆய்வு நிலையத்தையும், வெவ்வேறு உயரங்களில் கருவிகள் பொருத்தப்பட்ட கோபுரத்தையும் அமைத்துத் தருமாறு சாராபாய் ஒருவரைக் கேட்டுக்கொண்டார். அவர் அன்னா மணி.

2. பீர்மேட்டுச் சிறுமி

அன்னா மணி 1918ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்தார். மூடுபனியும் மழையும் மாறி மாறி வரும் மலையூர் அது. அவருடைய தந்தையார் கட்டுமானப் பொறியாளர். ஏலக்காய்த் தோட்டங்களும் அவருக்கு இருந்தன. எண்மர் பிறந்த அக்குடும்பத்தில் அன்னா ஏழாவது பிள்ளை. அக்காலத்தில் வசதியான குடும்பங்களில் ஆண்மக்கள் உயர்கல்விக்கும் பதவிக்கும் அனுப்பப்பட்டனர். பெண்மக்கள் திருமணத்திற்கு ஆயத்தம் செய்யப்பட்டனர்.

சிறுமி அன்னாவோ நூல்களிலேயே மூழ்கியிருந்தார். எட்டு வயதிற்குள் ஊர்ப் பொதுநூலகத்தில் இருந்த மலையாள நூல்களுள் ஏறத்தாழ அனைத்தையும் படித்து முடித்தார். அவருடைய எட்டாவது பிறந்தநாளன்று, அக்குடும்ப வழக்கப்படி வைரத்தோடுகள் பரிசாக வழங்கப்பட்டன. அவர் அவற்றை ஏற்கவில்லை. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத் தொகுதிகளே தமக்கு வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். வைக்கம் போராட்டக் காலத்தில் காந்தியடிகளின் செயல்களால் ஈர்க்கப்பட்ட அவர், பின்னர்க் கதராடையே உடுத்தலானார்.

3. சென்னையும் பெங்களூரும்

பள்ளிப்படிப்பிற்குப் பின் அன்னா மணி தம் கல்வியைத் தமிழ்நாட்டில் தொடர்ந்தார். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், தமிழ் வழங்கும் சென்னை நகரில் தங்கி, மாநிலக் கல்லூரியில் பயின்று 1939ஆம் ஆண்டு இயற்பியலில் சிறப்புநிலைப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு செய்ய அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1930ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடம் அது. வீட்டில் வைரத்தோடு வேண்டாம் என்றவர், இங்கு வைரங்களையே ஆராயத் தொடங்கினார். அவற்றை அணிவதற்காக அன்றி, அவற்றினுள் ஒளி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிவதற்காக அவர் கையில் எடுத்தார்.

அது பொறுமையைச் சோதிக்கும் பணி. ஓர் ஒளிப்படத் தகட்டில் வைரத்தின் நிறமாலை பதிவதற்கு 15 முதல் 20 மணி நேரம் வரை தேவைப்பட்டது. ஆகவே, இரவு முழுவதும் ஆய்வுக்கூடத்திலேயே இருக்க நேர்ந்தது. 1942 முதல் 1945 வரை அவர் தனியாகவே ஐந்து ஆய்வுக்கட்டுரைகளை வெளியிட்டார். பின்னர்த் தம் ஆய்வேட்டை முனைவர் பட்டத்திற்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் அளித்தார்.

பட்டம் கிடைக்கவில்லை. அவரிடம் முதுகலைப் பட்டம் இல்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். சிறப்புநிலைப் பட்டம் பெற்றிருந்ததும், ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்ததும், ஐந்து ஆண்டுகள் உழைத்ததும் கணக்கில் கொள்ளப்படவில்லை. அன்னா மணி வாழ்நாள் முழுவதும் முனைவர் பட்டம் பெறாதவராகவே இருந்தார். அதனால் அவர் ஆய்வை விட்டுவிடவில்லை. அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூரில் உள்ள இராமன் ஆய்வு நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகிறது.

4. இலண்டன் பயணம்

1945ஆம் ஆண்டு, வெளிநாடு சென்று கற்பதற்கான அரசு உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. இரண்டாம் உலகப்போர் முடிவுற்ற காலம் அது. பயணிகள் கப்பல்கள் அரிதாக இருந்தமையால், படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலில் அவர் இங்கிலாந்து சென்றார். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியலைத் தொடர வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். ஆனால், அவ்வுதவித்தொகைக்கு உரிய பயிற்சி இயற்பியலில் இல்லை. வானிலைக் கருவியியலில் மட்டுமே இருந்தது.

விரும்பிய பாடம் கிடைக்கவில்லை என்று அவர் திரும்பிவிடவில்லை. கிடைத்த பாடத்தை அடிப்படையிலிருந்து கற்றார். வெப்பமானி, காற்றழுத்தமானி, காற்றுவேகமானி, மழைமானி முதலிய கருவிகள் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றை எவ்வாறு சோதிப்பது, அவற்றின் பிழையை எவ்வாறு கண்டறிவது என்பனவற்றையெல்லாம் பயின்றார்.

இங்கு ஒரு செய்தியை விளக்க வேண்டும். ஒரே அறையில் இரண்டு வெப்பமானிகளை வைத்தால் இரண்டும் ஒரே அளவைக் காட்டும் என்று நாம் எண்ணுகிறோம். எப்போதும் அவ்வாறு நிகழ்வதில்லை. ஒன்று 30 பாகை என்றும், மற்றொன்று 31 பாகை என்றும் காட்டலாம். எது சரி? அதை அறிய, பிழையற்றது என்று உறுதி செய்யப்பட்ட ஒரு படித்தரக் கருவியுடன் இரண்டையும் ஒப்பிட வேண்டும். இவ்வாறு ஒப்பிட்டுத் திருத்தும் பணி அளவுத்திருத்தம் எனப்படும். ஒரு நாட்டின் பல ஊர்களில் உள்ள கருவிகள் எல்லாம் ஒரே படித்தரத்தோடு ஒப்பிடப்பட்டிருந்தால்தான், சென்னையின் வெப்பத்தையும் திருவனந்தபுரத்தின் வெப்பத்தையும் ஒப்பிட்டுப் பேச இயலும். அன்னா மணி இலண்டனிலிருந்து கொண்டுவந்தது இந்த அறிவையே.

5. நூறு கருவிகளின் வரைபடங்கள்

1948ஆம் ஆண்டு அவர் விடுதலை பெற்ற இந்தியாவிற்குத் திரும்பினார். புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். விடுதலைக்கு முன்னர், வெப்பமானி போன்ற எளிய கருவிகள்கூடப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வந்தன. கருவி பழுதுபட்டால் மாற்றுக் கருவி கப்பலில் வரும் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அந்த ஊரின் மழையும் காற்றும் அளக்கப்படாமலேயே கழியும். வேளாண்மைக்கும், மீன்பிடித் தொழிலுக்கும், வானூர்திப் போக்குவரத்திற்கும் வானிலை அளவுகள் தேவைப்பட்ட நாட்டிற்கு இது பெருங்குறையாகும்.

அக்குறையை நீக்கும் பணி, எஸ். பி. வெங்கடேசுவரன் என்னும் அறிவியலாரின் தலைமையில் அப்பிரிவில் தொடங்கியிருந்தது. அன்னா மணி அதில் இணைந்தார். ஏறத்தாழ 100 வகையான வானிலைக் கருவிகளுக்குத் தரப்படுத்தப்பட்ட வரைபடங்களை ஆயத்தம் செய்து, அவற்றை உள்நாட்டிலேயே உருவாக்க வழிசெய்தார். 1953ஆம் ஆண்டு அப்பிரிவின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது அவருக்குக் கீழ் 121 ஆண்கள் பணிபுரிந்தனர்.

தவறான அளவு, அளவே இல்லாமையைவிடத் தீங்கானது என்பது அன்னா மணியின் உறுதியான கொள்கை. அளவு இல்லாதபோது, நமக்குத் தெரியாது என்பதையாவது நாம் அறிவோம். தவறான அளவோ, தெரியும் என்ற பொய்யான நம்பிக்கையைத் தருகிறது. இக்கொள்கை ஏட்டளவில் மட்டும் நிற்பதன்று. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். அவர்களுள் பலர் வீடு திரும்பவில்லை. கடலோரத்தில் வாழும் குடும்பங்களுக்குக் காற்றின் அளவு என்பது உயிரோடு தொடர்புடையது. காற்றும் அழுத்தமும் சரியாக அளக்கப்பட வேண்டும். அவ்வளவு, கடலுக்குச் செல்வோரிடம் உரிய நேரத்தில் சென்று சேரவும் வேண்டும்.

6. ஞாயிறு, ஓசோன், காற்று

புறநானூற்றின் 30ஆம் பாடலில், ஞாயிறு செல்லும் வழியையும், காற்று இயங்கும் திசையையும், வெறுமையான வானத்தையும் தாமே நேரில் போய் அளந்து வந்தவர்களைப் போல உரைப்போர் உள்ளனர் என்று உறையூர் முதுகண்ணன் சாத்தனார் கூறுகிறார். ஞாயிறு, காற்று, வானம் ஆகிய இம்மூன்றையும் கருவிகொண்டு அளக்கும் பணி அன்னா மணியின் வாழ்வில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தது.

1957–58ஆம் ஆண்டுகள் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டன. உலக நாடுகள் பல ஒன்றுகூடிப் புவியையும் வளிமண்டலத்தையும் ஒரே காலத்தில் ஆராய்ந்தன. அப்போது அன்னா மணி, இந்தியாவின் பல பகுதிகளில் ஞாயிற்றின் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். ஓர் ஊரில் ஓர் ஆண்டில் எவ்வளவு வெயில் விழுகிறது என்பதை எண்களால் கூறும் வாய்ப்பு இதனால் கிடைத்தது. இந்தியாவின் ஞாயிற்றுக் கதிர்வீச்சைப் பற்றி அவர் பின்னாளில் வெளியிட்ட தொகுப்பு நூல்கள், சூரிய ஆற்றல் துறையினருக்கு அடிப்படை நூல்களாக அமைந்தன.

1960களில் அவர் ஓசோனை அளக்கும் பணியில் ஈடுபட்டார். ஓசோன் படலம் ஞாயிற்றின் புறஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கிறது. அதன் பெரும்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கி.மீ. உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்திற்குப் பலூனில் சென்று ஓசோனை அளக்கும் கருவியை அவருடைய குழு இந்தியாவிலேயே உருவாக்கியது. இத்தகைய கருவிகளைச் சுமந்த பலூன்கள் திருவனந்தபுரத்திலிருந்தும் பறக்கவிடப்பட்டன.

1976ஆம் ஆண்டு, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து அவர் பணி ஓய்வு பெற்றார். அதன் பின்னரும் அவருடைய அளக்கும் பணி ஓயவில்லை. காற்றாலைகளை எங்கு அமைக்கலாம் என்பதை அறிய நாட்டின் பல இடங்களில் காற்றின் வேகத்தை அளக்கும் பெரும்பணியை வழிநடத்தினார். பெங்களூரில் காற்று, கதிர்வீச்சு ஆகியவற்றை அளக்கும் கருவிகளை உருவாக்கும் தொழிற்கூடத்தையும் நிறுவினார்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்குத் தொடர்வண்டியில் செல்வோர், ஆரல்வாய்மொழிக் கணவாயில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதைக் காணலாம். விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் சாளரத்தின் வழியே எண்ணி மகிழும் காட்சி அது. காற்றாலை ஒன்றை நிறுவுவதற்கு முன் அவ்விடத்தில் நெடுங்காலம் காற்றை அளக்க வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால், அதிலிருந்து பெறத்தக்க ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவே, நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றை 11 மீட்டர் என்று தவறாக அளந்துவிட்டால், ஆற்றலின் மதிப்பீடு உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு மிகுந்துவிடும். அதை நம்பி முதலிடுவோர் பெரும் இழப்பை அடைவர். கருவியின் சிறு பிழை இவ்வாறு பெரும் பிழையாக வளர்கிறது.

7. இன்று கற்க விரும்புவோர்க்கு

அன்னா மணி கற்ற காலத்தில், வானிலைக் கருவியியலில் ஆழ்ந்த பயிற்சி பெறக் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது. விக்ரம் சாராபாயும் கேம்பிரிட்ஜில் பயின்றார். போர்க்காலத்தில் தாயகம் திரும்பிய அவர், பெங்களூரில் இராமனின் வழிகாட்டுதலில் விண்கதிர்களை ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். தும்பாவில் முதல் ஏவூர்தியைச் செலுத்துவதற்காக, இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் உள்ளிட்ட இளம் பொறியாளர்கள் அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பினர். இவர்கள் அனைவரும் பிற நாட்டில் கற்றதை இங்கு நட்டு வளர்த்தனர்.

அதன் பயனாக, இன்று திருவனந்தபுரத்திலேயே இத்துறையைக் கற்க இயலும். 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, இன்று வலியமலையில் இயங்கும் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில், புவி, விண்வெளி ஆகிய இரண்டையும் ஒருங்கே ஆராயும் தனித்துறை உள்ளது. ஆக்குளத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இயங்குகிறது. தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ஏவூர்திகளை வடிவமைக்கிறது.

புவியையும் விண்வெளியையும் ஒரே துறையாகக் கற்பிப்பது ஏன் என்று சிலர் வினவலாம். ஞாயிற்றிலிருந்து வரும் ஒளியே கடல்நீரை ஆவியாக்குகிறது, காற்றை இயக்குகிறது, பருவமழையைக் கொணர்கிறது. புவியின் உள்ளே தோன்றும் காந்தப்புலம், 100 கி.மீ. உயரத்தில் பாயும் மின்னோட்டத்தின் வழியைத் தீர்மானிக்கிறது. விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள் தரையில் உள்ள வயலையும் கடலில் உருவாகும் புயலையும் காண்கிறது. எனவே, ஒன்றை விடுத்து மற்றொன்றை முழுமையாக அறிய இயலாது. இத்துறையில் உயர்கல்வி பெற விரும்பும் மாணவர், பள்ளியில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றை ஊன்றிக் கற்றல் வேண்டும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று கற்கும் வாய்ப்பும் இன்று பலருக்குக் கிடைக்கிறது. அவ்வாறு செல்வோர் சிலர், விரும்பிய பிரிவு கிடைக்காதபோது மனம் தளர்கின்றனர். வேறு சிலர், பட்டம் ஒன்றே பயன் என்று எண்ணுகின்றனர். விரும்பிய பாடமும் கிடைக்காமல், உழைத்த பட்டமும் கிடைக்காமல் இருந்த அன்னா மணி, கற்ற கல்வியால் ஒரு நாட்டிற்கு அளவுகோல் அமைத்துக் கொடுத்தார்.

8. திரும்பி வந்த ஊர்

பீர்மேடு, சென்னை, பெங்களூர், இலண்டன், புனே என்று ஊர் ஊராக வாழ்ந்தவர் அன்னா மணி. ஒவ்வோர் ஊரிலும் வேறு மொழி, வேறு உணவு, வேறு வானிலை. எந்த ஊரிலும் அவர் தம்மை அயலாராகக் கருதி ஒதுங்கி நிற்கவில்லை. அந்தந்த ஊரில் கற்க வேண்டியதைக் கற்றார். செய்ய வேண்டியதைச் செய்தார். 1987ஆம் ஆண்டு கே. ஆர். இராமநாதன் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. தம் இறுதிக் காலத்தில் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த அவர், 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் இந்நகரில் காலமானார். 83ஆவது பிறந்தநாளுக்கு அப்போது ஒரு வாரமே இருந்தது.

இன்றும் நாடெங்கும் உள்ள வானிலை நிலையங்களில் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழைமானி பார்க்கப்படுகிறது. முந்தைய 24 மணி நேர மழையின் அளவு குறிக்கப்படுகிறது. அந்த எண்ணை நாம் நம்புகிறோம். அந்நம்பிக்கைக்குப் பின்னால் அன்னா மணி போன்றோரின் உழைப்பு உள்ளது.

சொல்லும் பொருளும்

ஏவூர்தி – ராக்கெட்
வளிமண்டலம் – புவியைச் சூழ்ந்துள்ள காற்றுப் பகுதி
ஞாயிறு – சூரியன்
முகில் – மேகம்
படித்தரம் – மற்றவற்றை ஒப்பிடுவதற்கு அடிப்படையாகக் கொள்ளும் அளவு
நிறமாலை – ஒளி பிரிந்து தோன்றும் நிறங்களின் வரிசை
கணவாய் – இரு மலைகளுக்கு இடைப்பட்ட வழி
சாளரம் – ஜன்னல்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி செலுத்தப்பட்ட ஆண்டு ________.
2. எட்டாவது பிறந்தநாளில் அன்னா மணி கேட்டுப் பெற்ற பரிசு ________.
3. கருவிகளைப் படித்தரத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் பணி ________ எனப்படும்.
4. காற்றின் வேகம் இரு மடங்கானால் ஆற்றல் ________ மடங்காகும்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஏவூர்தித் தளம் அமைக்கத் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டது ஏன்?
2. அன்னா மணிக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டதற்குக் கூறப்பட்ட காரணம் யாது?
3. நைக்-அப்பாச்சியைச் செலுத்தும் முன் காற்றை அளக்க வேண்டியிருந்தது ஏன்?

இ. பத்துத் தொடர்களில் விடை எழுதுக.

1. தவறான அளவு, அளவே இல்லாமையைவிடத் தீங்கானது என்னும் கருத்தைப் பாடத்திலிருந்தும் உம் வாழ்விலிருந்தும் சான்று தந்து விளக்குக.
2. அன்னா மணி விரும்பிய பாடம் இலண்டனில் கிடைத்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? உம் கருத்தை எழுதுக.

மொழியை ஆள்வோம்

அ. 'மானி' என்னும் சொல் அளக்கும் கருவியைக் குறிக்கும். வெப்பம் + மானி = வெப்பமானி. இவ்வாறு அமைந்த வேறு மூன்று சொற்களைப் பாடத்திலிருந்து எடுத்தெழுதி, ஒவ்வொன்றும் எதை அளக்கும் என்று குறிப்பிடுக.

ஆ. பிரித்து எழுதுக: காற்றழுத்தம், அவ்வுயரம், தென்னந்தோப்பு, கடற்கரை.

இ. செயப்பாட்டு வினையாக மாற்றுக.
எடுத்துக்காட்டு: அன்னா மணி கோபுரத்தை அமைத்தார். – கோபுரம் அன்னா மணியால் அமைக்கப்பட்டது.
1. குழுவினர் கருவியை உருவாக்கினர்.
2. அறிவியலார் காற்றை அளந்தனர்.

ஈ. காற்று, மழை, கடல், வெயில், இடி ஆகிய சொற்கள் மலையாளத்தில் எவ்வாறு வழங்குகின்றன என்று தோழர்களிடம் கேட்டறிக. ஒத்த சொற்களையும் வேறுபட்ட சொற்களையும் தனித்தனியே பட்டியலிடுக.

செயல்திட்டம்

அடிமுதல் மேல்வரை ஒரே அகலமும் தட்டையான அடிப்பகுதியும் உடைய கண்ணாடிக் குவளை ஒன்றைத் திறந்த வெளியில், மரத்திற்கும் சுவருக்கும் விலகி வைக்க. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து குறிக்க; பின் நீரைக் கொட்டிவிடுக. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர் விழுந்ததற்குச் சமம். ஒரு மாத அளவுகளை அட்டவணையாக்குக. தோழர் ஒருவர் வேறொரு குவளையில் எடுத்த அளவுகளோடு அவற்றை ஒப்பிடுக. இரண்டும் வேறுபட்டால், காரணம் யாது என்று இருவரும் ஆராய்ந்து எழுதுக.

வீட்டில் கேட்டு எழுதுக

உம் பாட்டனார், பாட்டியார் அல்லது பெற்றோர், மழை வரப்போவதைச் சொந்த ஊரில் எவ்வடையாளங்களைக் கொண்டு அறிந்தனர் என்று கேட்டுப் பத்துத் தொடர்களில் எழுதுக. அவற்றுள் எவற்றைக் கருவியால் அளக்க இயலும் என்றும் குறிப்பிடுக.